குழி எழுதிய கட்டளைகள்

ஆலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் நாற்றம் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிகளெல்லாம் ஏற்றித்தான் இருந்தன. வெளியே நெப்ராஸ்காவின் பிப்ரவரி. வயலும் சாலையும் ஒரே வெள்ளையாக உறைந்து கிடந்தன. இந்தக் குளிரில் எதுவும் நாறாது என்றுதான் ரெனேட்டா குபிசெக் நினைத்திருந்தாள். நாறியது. முதலில் வறுத்த இறைச்சிபோல, கொஞ்சம் பசியைக்கூடத் தூண்டுவதுபோல இருந்தது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. இனிப்பாக, கொழகொழவென்று, அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும் ஒன்று.

செத்த மாடுகளை உருக்கிக் கொழுப்பும் எலும்புத் தூளும் எடுக்கிற ஆலை அது. போன வாரப் பனிப்புயலில் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் மாடுகள் கூட்டம் கூட்டமாக விறைத்துச் செத்திருந்தன. ஆலை முற்றத்தில் அவை விறகுக் கட்டைகள்போல அடுக்கிக் கிடந்தன. கால்கள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. உப்பிய வயிறுகளின்மேல் காக்கைகள் உட்கார்ந்து, உறையாத இடம் எது என்று கொத்திக் கொத்திப் பார்த்தன. கண்தான் முதலில் கிடைத்தது.

ஆலை முதலாளி லைல் ராஸ்மஸன் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தாத்தா காலத்து ஆலை. மனிதரும் அதே காலத்தில் கட்டியவர்போல அகலமாக இருந்தார்.

"வாங்க மேடம். ஒமாஹாவிலேர்ந்து நேரா சொர்க்கத்துக்கு வந்திருக்கீங்க. மூலையில வாளி இருக்கு பாருங்க. முதல் நாள் எல்லாரும் வாந்தி எடுப்பாங்க, வெக்கப்படாதீங்க."

"ரெண்டாவது நாள்?"

"ரெண்டாவது நாள் இந்த வாசனைக்குப் பசிக்க ஆரம்பிச்சிடும். அதுக்குத்தான் பயப்படணும்."

ரெனேட்டா சிரிக்க முயன்றாள். வாயைத் திறந்ததே தப்பு. வாளியை நோக்கி ஓடினாள்.

அலுவலகம் மாடியில் இருந்தது. அதன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குழி. லாரிகள் கொண்டுவந்து கொட்டும் பிணங்கள் முதலில் விழுவது அதில்தான். குழியின் அடியில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் திருகு சுழன்று, விழுந்ததையெல்லாம் நசுக்கிக் கொதிக்கும் கொப்பரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. விரலால் தொட்டால் வழவழத்தது. நடுவில் குழியைப் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடிச் சன்னல். அதன் மறுபக்கம் கொழுப்பு படிந்து மஞ்சளாகிவிட்டிருந்தது.

அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அலுவலகத்தைக் கட்டி மேய்க்கும் டார்லா. சிவப்புச் சாயம் பூசிய தலை, குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர்.

"வா கண்ணு, உக்காரு. ஐயோ, கையெல்லாம் இப்படி வெடிச்சிருக்கே!" மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டினாள். "இதைத் தடவு. நம்ம கொழுப்புதான். நானே வடிகட்டி, லாவெண்டர் எண்ணெய் விட்டு வீட்டுல காய்ச்சுறேன். கிறிஸ்துமஸ் சந்தையில அள்ளிட்டுப் போறாங்க தெரியுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. விரல் இடுக்குகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தடவினாள். உடனே எரிச்சல் அடங்கியது. தோல் அதைத் தாகமெடுத்ததுபோல உறிஞ்சிக்கொண்டது.

அவளுக்குக் கொடுத்த மேசை வெண்டல் ஹாஸ்கி என்பவருடையது. ஆலைக்கு வேண்டிய கணினி நிரல்களையெல்லாம் தனியாளாக எழுதியவர். எந்தப் பண்ணையிலிருந்து எந்த மாடு வந்தது, என்ன எடை, எப்போது குழிக்குள் போனது என்பதெல்லாம் அவர் அமைத்த தரவுத்தளத்தில் பதிய வேண்டும். பதியாமல் ஒரு வாலைக்கூடக் குழியில் போடக் கூடாது என்பது சட்டம். பனிப்புயலில் அது படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தத்தான் ரெனேட்டாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"அக்டோபர்ல ஒரு நாள் வரலை. அவ்வளவுதான். வேலைய விட்டுட்டேன்னு லைலுக்கு மெசேஜ் போட்டாராம்." டார்லா விரலில் ஒட்டிய முட்டையை நக்கினாள். "எங்ககிட்டச் சொல்லிக்கக்கூட இல்லை. பொண்டாட்டி பிள்ளை கிடையாது. மனுஷங்ககிட்டப் பேசினதைவிட இந்தப் பொட்டிகிட்டப் பேசினதுதான் ஜாஸ்தி."

வெண்டலின் வேலை சுத்தமாக இருந்தது. அதை ரெனேட்டா ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தரவுத்தளத்துக்கான கட்டளைகளை அவர் கையால் எழுதவில்லை. அதற்கென்று ஒரு கருவி செய்து வைத்திருந்தார். நிரலில் ஓர் இடத்தை மாற்றினால் போதும். கருவி நிரல் முழுவதையும் படித்து, தரவுத்தளத்தில் எதைச் சேர்க்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்று கட்டளைகளைத் தானே எழுதிக் காட்டும். மனிதர் படித்துப் பார்த்துச் 'சரி' என்றால் நிறைவேற்றும். வேண்டாமென்று தோன்றினால் செய்ததை அழிப்பதற்கான எதிர்க்கட்டளைகளையும் அதுவே எழுதி வைத்திருக்கும்.

ரெனேட்டா தன் மடிக்கணினியில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, சோதனைக்காகச் சின்னதாக ஒன்றை மாற்றினாள். லாரி எண்ணுக்கான இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

கருவி இரண்டு கட்டளைகளை எழுதியது.

முதல் கட்டளை, லாரி எண்ணைப் பற்றியது.

இரண்டாவது: குழி அட்டவணையில் 'முடி' என்றொரு நெடுவரிசையைச் சேர்.

நிரல் முழுவதும் தேடினாள். 'முடி' என்ற சொல் எங்கும் இல்லை. நிரலில் இல்லாததைக் கருவி எழுதாது. கண்ணாடி முன் யாரும் நிற்காதபோது அதில் முகம் தெரியுமா? பழைய மிச்சமாக இருக்கும், தோலையும் மயிரையும் தனியாக விற்ற காலத்து ஏற்பாடு ஏதாவது இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒன்றை மட்டும் ஏற்று மற்றதைத் தள்ள வழியில்லை. கட்டாகத்தான் ஏற்க வேண்டும். நகல்தானே? 'சரி' என்று தட்டினாள்.

மதியம் வயிறு கொஞ்சம் அடங்கியிருந்தது. வழியில் வாங்கிவந்த ஆப்ரிகாட் கொலாச்சி ரொட்டியைப் பிரித்து ஒரு கடி கடித்தாள். தொண்டையில் ஏதோ நெருடியது. செருமினாள். போகவில்லை. விரலை விட்டுத் துழாவியபோது ஒரு மயிர் அகப்பட்டது.

இழுத்தாள்.

அது வந்துகொண்டே இருந்தது.

ரொட்டியிலிருந்து வரவில்லை. நாக்குக்கு அடியிலிருந்தும் வரவில்லை. உள்ளே, வெகு ஆழத்திலிருந்து, உணவுக் குழாயின் சுவரை உரசிக்கொண்டு கூசக் கூச ஏறி வந்தது. கண்ணில் நீர் கொட்ட, ஓங்கரித்துக்கொண்டே இழுத்தாள். முழங்கை நீளத்துக்கு நரைத்த மயிர். பிசுபிசுத்தது. நுனியில் வெள்ளையாக ஒரு வேர் இருந்தது. வாயெல்லாம் மாட்டுக் கொழுப்பின் சுவை.

"சீ! தூக்கிப் போடு அதை!" டார்லா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு கிட்டே வந்து பார்த்தாள். அவள் தலை சிவப்பு. ரெனேட்டாவின் தலை கட்டையாக வெட்டிய கறுப்பு. "இந்த மாதிரி நரை இங்க யாருக்குமே இல்லையே கண்ணு. வெண்டல்தான் இப்படிக் குதிரைவால் போட்டுத் திரிவாரு."

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மோட்டலில் இரண்டு முறை குளித்தும் அந்த நாற்றம் தோலை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் அவள் வந்ததுமே அந்த நெடுவரிசையைத் திறந்து பார்த்தாள். குழி அட்டவணையில் ஒவ்வொரு செத்த விலங்குக்கும் ஒரு வரிசை. எல்லாவற்றிலும் 'முடி' காலியாக இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் 'உண்டு' என்று இருந்தது. அந்த வரிசைக்குப் பண்ணையின் பெயர் இல்லை. என்ன விலங்கு என்றும் இல்லை. எடை மட்டும் இருந்தது. கன்றுக்கு அதிகம், மாட்டுக்கு மிகக் குறைவு.

ஒரு ஆளின் எடை.

அவள் கை தானாகவே டப்பாவைத் தேடிப் போய், களிம்பை விரலில் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து எத்தனை முறை தடவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழே லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. லைல் படிக்கட்டிலிருந்தே கத்தினார். "மேடம், என்ன பூஜையா நடக்குது மேலே? முற்றத்துல மாடுங்க வெயில் பட்டு இளக ஆரம்பிச்சிடுச்சு. ஒண்ணொண்ணா வயிறு வெடிக்குது!"

அது உண்மைதான். அவ்வப்போது வெளியே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து நாற்றம் அலையாக வந்தது.

எடைச் சீட்டு அச்சடிக்கும் பகுதியைச் சரிசெய்தாள். கருவி மறுபடி எழுதியது. எடைச் சீட்டுக்கு ஒரு கட்டளை. அதற்குக் கீழே இன்னொன்று: குழி அட்டவணையில் 'நகம்' என்றொரு நெடுவரிசையைச் சேர்.

ரெனேட்டா எழுந்து நின்றுவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள். ஹார்ன் சத்தம் மண்டையைப் பிளந்தது. நகலில்தானே, வெறும் எழுத்துதானே என்று தட்டினாள்.

அடுத்த முறை அவள் டப்பாவுக்குள் விட்ட விரலைக் கீழேயிருந்து ஏதோ கீறியது.

களிம்புக்குள் ஒரு நகம் இருந்தது. வெட்டிப் போட்ட துண்டில்லை, முழுக் கட்டைவிரல் நகம். மஞ்சள் பாரித்து, அழுக்கேறி, அடியில் வெளுத்த சதை ஒட்டிக்கொண்டிருந்தது. லாவெண்டர் மணத்தது.

டார்லா அதைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"டார்லா, இந்தக் கொழுப்பு எப்ப எடுத்தது?"

"அக்டோபர்ல." குரல் உள்ளே போய்விட்டது. "ஒரு நாள் திருகு சிக்கிக்கிச்சு. லைல்தான் இறங்கிச் சரிபண்ணினாரு. அன்னிக்கு வந்த கொழுப்பு, கண்ணு, வெள்ளை வெளேர்னு... வெண்ணெய் மாதிரி. அப்படி ஒரு கொழுப்பை நான் பார்த்ததே இல்லை. அதான் ஒரு வாளி எடுத்துட்டுப் போனேன்." விரல்களால் தன் உதட்டைத் தொட்டாள். "இதை நான் உதட்டுக்குப் போடுறேன். என் பேத்தி உதட்டுக்குப் போட்டுவிட்டேன்."

இருவரும் கழுவுதொட்டிக்கு ஓடினார்கள். இயந்திரங்களைத் தேய்க்கும் முரட்டுச் சோப்பை அள்ளிக் கைகளில் பூசி, இரும்பு நாரால் தேய்த்தார்கள். வெடிப்புகள் பிளந்து ரத்தம் வந்தது. ரத்தத்தின்மேல் எண்ணெய் மினுங்கியது. அது மட்டும் போகவில்லை. தொட்டியில் குனிந்து டார்லா வாந்தி எடுத்தாள். அவள் எடுப்பதைப் பார்த்து ரெனேட்டாவும் எடுத்தாள்.

"வெண்டலோட வண்டி எங்க?" ரெனேட்டா வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வண்டியிலதான் போயிருப்பாரு. பின்ன, இந்தப் புல்வெளியில நடந்தா போவாரு?"

ஆனால் சொல்லிக்கொண்டே கோட்டை எடுத்து மாட்டினாள்.

ஆலைக்குப் பின்னால் ஓட்டை லாரிகளை நிறுத்தி வைத்திருந்த இடத்தில், பனிமேடுகளில் ஒன்று மட்டும் சின்னதாக இருந்தது. கையாலேயே பறித்தார்கள். பச்சை நிறக் கதவு ஒன்று தெரிந்தது. டார்லா அதைப் பார்த்ததும் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே சாவி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி. அக்டோபரில் அழுகி, பிறகு உறைந்து, மூடியைப் பிதுக்கிக்கொண்டு கறுப்பாக ஏதோ வெளியே வழிந்திருந்தது.

"உங்களை எதுக்குக் கூப்பிட்டேன், நீங்க என்ன பண்றீங்க?"

லைல் பின்னால் நின்றிருந்தார். கோபப்படவில்லை. சலித்துப்போனவர்போலத்தான் பேசினார்.

டார்லா எழுந்தாள். "லைல், அன்னிக்குத் திருகுலேர்ந்து என்ன எடுத்தே?"

"ஒரு பூட்ஸ்."

"பூட்ஸா?"

"பூட்ஸ் விழறது வழக்கம்தானே? எவனாவது ஓரத்துல நின்னு எட்டிப் பார்ப்பான், கழண்டு விழும்."

"உள்ள கால் இருந்துச்சா?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். ஒரு காக்கை மாட்டின் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இருந்துச்சான்னு கேக்குறேன்!"

"அதுக்குள்ள மத்ததெல்லாம் கொப்பரைக்குப் போயிடுச்சு டார்லா. கொதிச்சுக்கிட்டு இருந்தது. நான் என்ன, கரண்டி போட்டா எடுக்க முடியும்? சொல்லியிருந்தா அன்னிக்கே இழுத்து மூடியிருப்பாங்க. உன் வேலையும் சேர்த்துத்தான். செத்தவன் செத்துட்டான். அவனுக்கு அழ ஒரு நாய்கூடக் கிடையாது."

"அப்ப அந்த மெசேஜ்?"

"நானாக் கட்டிவிட்டதுதான். வேற என்னத்தைச் சொல்றது?"

டார்லா அவர் முகத்தில் காறித் துப்பினாள். அவர் துடைத்துக்கொண்டார். மாடிப்படியை நோக்கி நடந்தார்.

"போலீசுக்குப் போன் பண்ணுங்க" என்று டார்லாவிடம் சொல்லிவிட்டு ரெனேட்டா அவர் பின்னால் ஓடினாள். அவள் மேலே போவதற்குள் அவர் வெண்டலின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சரி பண்ணிட்டீங்கதானே? லாரிங்க உள்ள வரட்டும். எதைத் தட்டணும்?"

"லைல், வேண்டாம். அது நகல் இல்லை, நிஜமான டேட்டாபேஸ். அந்தக் கருவி தானா ஏதேதோ எழுதுது. படிக்காம சரி சொல்லாதீங்க."

"வெண்டலும் இப்படித்தான், படிக்கணும் படிக்கணும்னு அரை நாள் எடுத்துக்குவான்." தடித்த விரலால் திரையைத் துழாவினார். ஒவ்வொரு முறையும் கேட்காமலே நிறைவேற்று என்ற கட்டம் அங்கே இருந்தது. அதைத் தட்டினார்.

கட்டளைகள் பொலபொலவென்று எழ ஆரம்பித்தன.

முடி. நகம். அவள் நகலில் பார்த்தவைதான். பிறகு தோல். அதன் பின் உதடு. இமை. நாக்கு. ஒவ்வொன்றின் கீழும் 'ஒரு வரிசை திருத்தப்பட்டது' என்று வந்தது. ஒரே வரிசைதான். மறுபடி மறுபடி அந்த ஒரே வரிசை.

வெதுவெதுப்பான சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ நகர்ந்தது.

ஈரச் சாக்கை இழுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் மேலே கேட்டது.

லைலின் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. அதில் யாரோ நாக்கைச் சுழற்றிப் பழகிக்கொண்டிருந்தார்கள். களக், களக் என்று எச்சில் ஒலி. குழந்தை கஞ்சியைக் குதப்புவதுபோல.

"...ல்... லைல்."

அவர் அதை உருவித் தரையில் எறிந்தார். அது தரையிலிருந்தும் கூப்பிட்டது.

சன்னலின் மஞ்சள் கண்ணாடியில் வெளுப்பாக ஒன்று வந்து அப்பியது. உள்ளங்கை என்று ரெனேட்டா முதலில் நினைத்தாள். உள்ளங்கை இல்லை. அகலமான, மடிப்பு மடிப்பான தோல். நனைந்த துணிபோலக் கண்ணாடியில் பரவி, தன் கனத்தாலேயே வழிந்து, மறுபடி தன்னை மேலே இழுத்துக்கொண்டது. நரைமயிர் அதில் கொத்துக் கொத்தாக, முளைக்கக் கூடாத இடங்களில் முளைத்திருந்தது. நகங்கள் கண்ணாடியைச் சுரண்டின. அவை விரல்களில் இல்லை. நடுவில் ஓர் இமை திறந்தது. உள்ளே கண் இல்லை, கொழுப்புதான் இருந்தது.

பிறகு ஒரு நாக்கு வெளியே வந்து கண்ணாடியில் படிந்த கொழுப்பை மெதுவாக நக்கியது. மஞ்சளில் ஒரு பாதை துலங்கியது. அந்தப் பாதை வழியாக அது உள்ளே பார்த்தது, எதைக் கொண்டு பார்த்ததோ.

அவளைத்தான் பார்த்தது.

"எலும்பு," என்றது தரையில் கிடந்த வாக்கி-டாக்கி. கெஞ்சியது. "நிக்க... முடியலை. எலும்பு... குடுங்க."

எலும்பெல்லாம் தூளாகி, மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன.

லைல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. வாயோரம் வாந்தி வழிந்தது. அவர் கதவை நோக்கி ஓடுவார் என்று ரெனேட்டா நினைத்தாள். ஓடவில்லை. சுவரிலிருந்த பச்சைப் பொத்தானைக் குத்தினார்.

கீழே திருகு சுழல ஆரம்பித்தது.

கண்ணாடியில் அப்பியிருந்த தோல் விறைத்தது. அதன் அடிப்பகுதியை ஏதோ பிடித்துக் கீழே இழுத்தது. அது நீண்டது, மெலிந்தது, நாராகக் கிழிந்தது. இமை மூடத் தெரியாமல் துடித்தது.

அலறல் வாக்கி-டாக்கியிலிருந்து மட்டும் வரவில்லை. சுவரிலிருந்து வந்தது. முற்றத்துக் கொழுப்புத் தொட்டிகளிலிருந்து வந்தது. மேசைமேல் இருந்த தகர டப்பா அதிர்ந்து அலறியது. கீழே படியில் நின்ற டார்லாவின் வாயிலிருந்து அதே குரல் வந்தது.

ரெனேட்டாவின் தொண்டையிலிருந்தும் வந்தது. ஒரு கிழவரின் குரல். நிறுத்த அவளால் முடியவில்லை. அவள் வாயைத் தன் வாயாக்கிக்கொண்டு வேறொருவர் இரண்டாம் தடவை அரைபட்டுக்கொண்டிருந்தார்.

அலறிக்கொண்டே அவள் லைலைத் தோளால் இடித்துத் தள்ளினாள். சிவப்புப் பொத்தானை அடித்தாள். திருகு நின்றது. அலறல் நிற்கவில்லை. பாதி அரைபட்டது சாகவும் முடியாமல் கிடந்தது. இனி அந்த மனிதருக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கணினியை இழுத்துக்கொண்டு, கருவி எழுதி வைத்திருந்த எதிர்க்கட்டளைகளைத் திறந்தாள். கண்ணீரில் எழுத்துகள் நெளிந்தன.

"மன்னிச்சிடுங்க வெண்டல்" என்று சொல்ல நினைத்தாள். வாய் அவளுடையதாக இல்லை. தட்டினாள்.

நாக்கு நீக்கப்பட்டது. அலறல் வெறும் காற்றாகியது.

இமை நீக்கப்பட்டது. உதடு. தோல். நகம்.

முடி.

கண்ணாடியில் இருந்தது உருகி வழிந்து, வெறும் கொழுப்பாகக் கீழே சொட்டியது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

காவலர்களோடு ஷெரீப் வந்தபோது லைல் மூலையில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூட்ஸைப் பற்றிக் கேட்காமலே சொன்னார். எங்கே புதைத்தார் என்றும் சொன்னார். குழியை வடித்தபோது ஒரு பெல்ட் வளையமும் மூக்குக் கண்ணாடியின் ஒரு கம்பியும் கிடைத்தன. ஆலையை மூடினார்கள். முற்றத்து மாடுகளை ராணுவ வண்டிகள் அள்ளிக்கொண்டுபோய் எரித்தன.

வெண்டலின் சவப்பெட்டியில் வைக்க அந்தக் காலைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. டார்லா ஊர் ஊராகப் போய், தான் விற்ற களிம்பு டப்பாக்களையெல்லாம் திரும்ப வாங்கிவந்தாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. பாதியில் தீர்ந்தவை, நக்கியதுபோலக் காலியானவை என்று எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கினாள். அடக்கத்துக்கு அவளும் ரெனேட்டாவும் பாதிரியாரும்தான் வந்திருந்தார்கள். மண் தள்ளும்போது உள்ளே டப்பாக்கள் கலகலத்தன.

"இதுல வராதது எவ்வளவு இருக்கோ கண்ணு," என்றாள் டார்லா. "சோப்பாப் போனது, தீவனமாப் போனது, அந்தக் கோழியத் தின்னவங்க..." கையுறையைக் கழற்றாமலே ரெனேட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெனேட்டா தன் மடிக்கணினியை உடைத்துப் போட்டாள். லிங்கன் நகரில் ஒரு நூலகத்தில் வேலை கிடைத்தது. தரவுத்தளத்துக்கு வேண்டிய ஒவ்வொரு கட்டளையையும் கையாலேயே எழுதினாள். அதற்குத்தான் கருவிகள் இருக்கின்றனவே என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். இறைச்சியை விட்டாள். சோப்பையும் விட்டாள். வெந்நீரும் உப்பும்தான். வசந்தம் வந்து, பனி கரைந்து, வாசலில் டூலிப் பூத்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம்கூட வர ஆரம்பித்தது.

மே மாதத்தில் தாடை வலித்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பல் மருத்துவரிடம் போனாள். வெயில் நிறைந்த அறை. சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் சிரித்த முகத்துக்காரர். கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"அட, உங்களுக்குப் புதுசா ஒரு பல்லு முளைக்குதுங்க. நாற்பது வயசுக்கு மேல! ஈறு இப்பத்தான் கிழிஞ்சிருக்கு. பார்க்குறீங்களா?"

சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். கடைவாய்க்குப் பின்னால், ரத்தம் கசியும் பிளவில், அது தெரிந்தது. புதுப் பல்லின் வெண்மை அதில் இல்லை. புகையிலைக் கறை ஏறி, வருடக்கணக்கில் மென்று தேய்ந்த பல்.

மருத்துவர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

"ஒண்ணுதான் புரியலை," என்றார். "இன்னும் முளைச்சே முடியலை. அதுக்குள்ள இதுக்கு வெள்ளி வச்சு அடைச்சது யாரு?"